மஞ்சள் நீராடிய மரப்பொம்மை

போன வாரம் ஸ்கூடாயில் ஒரு பழம்பொருள் கடையில், கைகால் மடங்கும் மரப்பொம்மை ஒன்று கண்ணில் பட்டது. எடுத்து மோந்து பார்த்தேன். கடைக்காரப் பெண், "பாட்டி, அது சாப்பிடறது இல்ல லா" என்றாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் தேடிய ரப்பர்ப் புகை வாடை அதில் இல்லை.

1930களில், நான் சிறுமியாக இருந்தபோது, கூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பாவுக்குப் புகைக்கொட்டகையில் வேலை. ரப்பர்த் தகடுகளைக் கம்புகளில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டி உலர்த்துவார். எத்தனை துவைத்தாலும் அவர் சட்டையில் அந்த வாடை போகாது.

பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருந்த என் தோழி பொன்னம்மாவிடம் துணியில் தைத்த மாப்பிள்ளைப் பொம்மை இருந்தது. பொம்மைக் கல்யாணத்தில் பெண் வீட்டுக்காரியாகிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. அவளோ கறாராகச் சொல்லிவிட்டாள்: "பொண்ணு மணையில உக்காரணும். நட்டுக்கிட்டு நிக்கிற பொண்ணு எங்களுக்கு வேணாம்."

கால் மடங்கும் பெண் பொம்மை கேட்டு அப்பாவை நச்சரித்தேன். காற்றில் முறிந்து காய்ந்த ஒரு கிளையை எடுத்துச் செதுக்கினார். தலையும் உடம்பும் ஒரே கட்டை. முழங்காலில் ஒரு துண்டில் நாக்கு, மறு துண்டில் பள்ளம். இரண்டையும் பொருத்தி, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளையிட்டு மூங்கில் ஆணி அடித்தார். இடுப்பில் இரண்டு தொடைகளையும் கோத்து ஒரே நீள ஆணி. ஆடக் கூடாதென்று எல்லாவற்றையும் இறுக்கமாகவே வைத்தார். அவளை உட்காரவைத்து எழுப்பியே அன்று எனக்குப் பொழுது போயிற்று.

கல்யாணத்தன்று காலையில் பெண்ணுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றாமல் எப்படி? நலங்கு வைத்து, வாளியில் முக்கி ஆசைதீரக் குளிப்பாட்டினேன். கட்டை தண்ணீரைக் குடித்து ஊதிவிட்டது. கால் மடங்கவே இல்லை. பொன்னம்மா மாப்பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "அப்ப கல்யாணம் இல்ல" என்று கிளம்பிவிட்டாள்.

அழுதுகொண்டே கொட்டகைக்கு ஓடினேன். "குளிப்பாட்டுனியா, ஊறப் போட்டியா? கொண்டா இங்க. அடுத்த ஞாயித்துக்கெழம வரச் சொல்லு அவள" என்று அப்பா பொம்மையை ரப்பர்த் தகடுகளுக்கு நடுவே தொங்கவிட்டார்.

அடுத்த ஞாயிறு என் பெண் காப்பிக்கொட்டை நிறத்தில் இறங்கி வந்தாள். பொன்னம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "பொண்ணு கறுத்துப் போச்சே" என்றாள். ஆனால் கட்டை சுருங்கி மூட்டெல்லாம் தளர்ந்திருந்ததால், மணையில் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்துகொண்டாள். தாலி கட்டிய கையோடு இடுப்பு மடங்கி மாப்பிள்ளை காலில் தானாகவே விழுந்தாள். "மரியாத தெரிஞ்ச பொண்ணு" என்று சம்பந்தி குளிர்ந்து போனாள்.

பாயசம் குடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கல்யாணம் ஆனால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்கல்லவா போக வேண்டும்? பொன்னம்மா கையை நீட்டினாள். முறையென்று ஒன்று இருக்கிறதே, கொடுத்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்து அப்பா சிரித்தார்: "இப்ப தெரியுதா, பொண்ணப் பெத்தவன் பாடு."

கொஞ்ச நாளில் பொன்னம்மா குடும்பம் பெக்கோக் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போனது, மருமகளோடு. அப்புறம் அவளையும் பார்க்கவில்லை, பொம்மையையும் பார்க்கவில்லை. எங்கள் தோட்டத்தில் இப்போது ரப்பருக்குப் பதில் எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. கொட்டகை இருந்த இடம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அப்பா போய்ச் சேர்ந்தபோது அவர் சட்டை ஒன்றையாவது எடுத்து வைத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. அந்த வாடை இனி எங்கேயாவது இருக்குமென்றால், நான் கட்டிக்கொடுத்த அந்தப் பெண்ணிடம்தான் இருக்கும்.