ஒரு வண்டி முடியட்டும்

டீயைக் குடித்து முடிக்கும்வரை கஸ்தூரி வாய் திறக்கமாட்டாள். டம்ளரைக் கீழே வைத்து, தலைப்பால் உதட்டைத் துடைத்த பிறகுதான் "இப்ப சொல்லுங்க சார்" என்பாள். அதற்குள் நான் கேட்க வந்தது எனக்கே மறந்துபோயிருக்கும். வீட்டிலும் இப்படித்தானாம். "பால அடுப்புல வெச்சிட்டா, பக்கத்து வூடு பத்திக்கினு எரிஞ்சாலும் திரும்பமாட்டா. போன வருசம் வரைக்கும் இப்டி இல்ல" என்று அவள் அம்மா ஆதிலட்சுமி குறைப்படுகிறாள்.

பாகூருக்கும் மடுகரைக்கும் நடுவிலுள்ள எங்கள் சர்க்கரை ஆலையில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவள் கஸ்தூரி. தவளக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள். அவள் சம்பளத்தில்தான் அந்தக் குடும்பம் சாப்பிடுகிறது. எனக்கு எதிர் மேசை. எங்கள் ஜன்னலுக்கு வெளியே இரண்டு எடைமேடைகள். கரும்பு வண்டி ஏறியதும் விவசாயியின் பெயரைக் குமாஸ்தா தட்டினால், எடையைக் கம்ப்யூட்டர் பதிந்துகொள்ளும்.

ஆரம்பத்தில், மேடை இரண்டு இருந்தாலும், ஒரு வண்டி முடிந்தபிறகுதான் அடுத்த வண்டியை எடை போடமுடியும். போன வருஷம் மேனேஜர் நமச்சிவாயம், இரண்டு மேடையும் ஒரே சமயத்தில் ஓடவேண்டும் என்றார்.

"எழுதிடலாம் சார். ஆனா ரெண்டு வண்டியும் ஒரே நொடியில முட்டிக்கினா இன்னா ஆவும்னு பாக்கணும். கொஞ்சம் டைம் குடுங்க" என்றாள்.

"பொங்கலுக்குள்ள ஓடணும்மா."

ஓடியது. வரிசை மளமளவென்று குறைந்தது. மேனேஜர் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். அந்த ஒரே நொடியும் ஒருநாள் வந்தது. ஒரு மேடையின் எடை வந்து சேர்வதற்குள், மற்ற மேடையில் தட்டிய பெயர் அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. மடுகரை பக்கிரியின் கரும்பு வேறு யாருடைய பெயரிலோ போய்விட்டது.

பக்கிரி கேட்க வந்தார். "வண்டி நெறைய ஏத்திக்கினு வந்தேன். வரவே இல்லன்னா எப்டி சார்?"

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்றார் நமச்சிவாயம். களவாணி என்று சொல்லிக் காவலாளி பக்கிரியைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினான். அவர் மகளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையின் அப்பா, வண்டி வரிசையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். அந்தக் கல்யாணம் நின்றுபோனது.

தப்பைக் கண்டுபிடித்தவளும் கஸ்தூரிதான். நமச்சிவாயத்திடம் போய்ச் சொன்னாள். "வெளிய தெரிஞ்சா உனக்கும் வேல இல்ல, எனக்கும் வேல இல்ல" என்றார். அழுதுகொண்டே வந்து உட்கார்ந்து, புரோகிராமைப் பழையபடி, ஒரு வண்டி முடிந்தபிறகே அடுத்தது என்று, மாற்றி எழுதினாள். பக்கிரியிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவள் வீட்டிலும் ஒரு வேலை முடியாமல் அடுத்த வேலையைத் தொட்டதில்லை.

இந்த வருஷம் வண்டிகள் ஏரிக்கரை வரைக்கும் நிற்கின்றன. வெயிலில் கரும்பு காய்ந்து எடை குறைகிறது. மாடுகள் நுரை தள்ளுகின்றன. வண்டிக்காரர்கள் அவள் காதுபடவே திட்டுகிறார்கள். திங்கட்கிழமைக்குள் இரண்டையும் ஒன்றாக ஓடவிடாவிட்டால் மெட்ராஸிலிருந்து வேறு ஆள் வருவான் என்று நமச்சிவாயம் சொல்லிவிட்டார். "அவசரத்துல எழுதமாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டாள். வேலை போய்விடும் என்று அவளுக்கும் தெரியும்.

நேற்று மத்தியானம் பக்கிரியின் முறை வந்தது; வண்டியை மேடையில் ஏற்றிவிட்டு ஜன்னலருகே வந்து நின்றார். இந்தப் பக்கத்தில் கரும்புக்காரனுக்கு வேறு ஆலை ஏது? துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, கெஞ்சுகிற குரலில் கேட்டார்:

"இன்னாம்மா, காலைலேர்ந்து கரும்பு காயுது. ரெண்டு மேடையையும் ஒண்ணா வுடக்கூடாதா? போன வருசம் வுட்டீங்களே."

கஸ்தூரி எழுந்தாள். போன வருஷம் நடந்ததைச் சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். குமாஸ்தாவை நகரச் சொல்லிவிட்டு, பக்கிரியின் பெயரைத் தானே தட்டினாள். மற்ற மேடையில் ஏற வந்த வண்டியைப் பார்த்து ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி நிறுத்தினாள். பக்கிரியின் எடை திரையில் வந்து, அவர் மாடுகள் மேடையை விட்டு இறங்கிப் போகும்வரை, அந்தக் கையை அவள் இறக்கவே இல்லை.