லட்சம் கேம் கேசட்

திருப்பதியில் நான் கேம் செய்யும் கம்பெனியில் இன்று மேனேஜர் கூப்பிட்டார்.

"பத்து லெவல் போதாதுபா. அதுங்களையே கலர் மாத்திக்கினே போயி, ஐநூறு லெவல்னு போடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சின்ன வயதில் சித்தூர் பஜாரில் நைனா வாங்கித் தந்த டிவி கேம் கேசட்டில் 'லட்சம் கேம்' என்று போட்டிருந்தது. போட்டுப் பார்த்தால் நாலே கேம், திரும்பத் திரும்ப. ஏமாற்றாத கேம் ஒன்று செய்யவேண்டும் என்றுதான் இந்த வேலைக்கே வந்தேன்.

"நீங்க அந்த கேசட் ஆடனதே இல்லியா சார்?"

"ஆடாம இருப்பனா? இந்த ஐடியாவே அதுல இருந்து வந்ததுதான்பா."

ஒரே கேசட்தான் இருவரையும் ஏமாற்றியிருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது, அவர் அதிலிருந்து தொழில் கற்றுக்கொண்டுவிட்டார்.

அந்த கேசட் வைத்திருந்த மற்றவர்களெல்லாம் இப்போது என்ன வேலையில் இருக்கிறீர்கள்? தெரிந்தால் ஜாக்கிரதையாக இருப்பேன்.