ஆடி பிறப்பதற்குள் ஒரு சுவர்

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆனி மாதக் கடைசியில், பாலவனத்தத்தில் பாதி எழும்பி நின்ற ஒரு வீட்டில் நடந்தது இது. அப்போது நான் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரியில் கட்டட வேலைப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பு நிறையப் பையன்கள். பெண் என்று நான் ஒருத்திதான். பரளச்சிப் பக்கம் எங்கள் ஊரில், "நர்சுக்குப் படிக்காம இது என்ன கிறுக்கு?" என்று கேட்காத ஆளே கிடையாது.

அதிகம் கேட்டது அம்மாதான். அம்மா சித்தாள். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே கலவைச் சட்டி சுமக்கிறவள். எங்கள் பக்கம் கட்டட வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பெண் என்றால் சட்டி தூக்கலாம், செங்கல் தூக்கலாம். கரண்டி பிடித்துச் சுவர் வைக்கிற கொத்தனார் என்றால் அது ஆண்தான். யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் யாரும் மீறியும் நான் பார்த்ததில்லை.

"நான் தூக்குன சட்டி பத்தாதாடி? நீயும் ஏன் இதே மண்ணுல வந்து விழுகுற?" என்பாள் அம்மா.

"நான் சட்டி தூக்கப் போகலம்மா. கரண்டி பிடிக்கப் போறேன்."

"ஆமா, ஒனக்குக் குடுக்கத்தான் கரண்டியக் கையில வச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டு இருக்காக!"

அம்மா சொன்னதுதான் நடந்தது. படிப்பின் கடைசியில் ஒரு மாதம் உண்மையான கட்டடத்தில் வேலை பார்க்க வேண்டும். மாதக் கடைசியில் எங்கள் சார் வந்து, அவரவர் தன் கையால் கட்டிய சுவரைப் பார்ப்பார். சுவர் இல்லை என்றால் பரீட்சை எழுத முடியாது. என்னையும் மூன்று பையன்களையும் பாலவனத்தத்து வேலைக்கு அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால், அம்மா சட்டி சுமக்கிற அதே கட்டடம். மேஸ்திரி பையன்களுக்கு ஆளுக்கொரு சுவரைக் காட்டினார். என்னைப் பார்த்து, "நீ ஒங்கம்மாகூடச் சேந்து கலவை குடு புள்ள. சித்தாளுக்கு ஆளு கொறையுது" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன். அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். சரி என்று தூக்கினேன். ஆனால் தினமும் காலையில் மேஸ்திரி முன்னால் போய் நின்று, "எனக்குச் சுவரு எப்ப தருவீக?" என்று கேட்பதை மட்டும் விடவில்லை. என் தலையைக் கண்டாலே அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்.

கடைசி வாரமும் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சார் வருகிறார், என்னிடம் சுவர் இல்லை. நல்ல வேளையாக ஆடி மாதம் எனக்கு உதவிக்கு வந்தது! ஆடி பிறந்துவிட்டால் வீட்டு வேலையில் எதையும் புதிதாகத் தொடங்க மாட்டார்கள். அதற்குள் மேல் காங்கிரீட்டைப் போட்டுவிட வேண்டும் என்று ஊரில் எல்லா வீட்டுக்காரர்களும் பறந்தார்கள். கொத்தனார் கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது. எங்கள் கட்டடத்திலும் சனிக்கிழமை காலையில், காங்கிரீட்டைத் தாங்கப் பலகை அடிக்கிற சென்ட்ரிங் ஆட்கள் வருவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை பார்த்தால் இரண்டு கொத்தனார்கள் வேறு வேலைக்கு ஓடிவிட்டார்கள். பின்பக்கச் சுவர் பாதியில் நிற்கிறது.

மேஸ்திரி தலையைச் சொறிந்தபடி வந்தார். "இந்தா புள்ள, பின்பக்கம் ஏறு. என்ன செய்வியோ தெரியாது, பொழுதுக்குள்ள மேல வந்திரணும்."

சுடிதாருக்கு மேல் அண்ணனின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு சாரத்தில் ஏறினேன். சந்தோஷத்தில் சாப்பாடுகூட இறங்கவில்லை. ஒரே தொல்லை, காற்று. பின்பக்கம் வெட்டவெளிக் கரிசல் காடு. அங்கிருந்து அடித்த காற்றில் கண் முழுக்க மண். சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க, நூலில் கட்டித் தொங்கவிடும் தூக்குக்குண்டு நிற்கவே இல்லை, ஊஞ்சல் ஆடியது. கல்லூரித் தகரக் கொட்டகைக்குள் பழகியவளுக்கு இது புதுசு. ஒரு குத்துமதிப்பாகப் பார்த்துப் பார்த்துக் கல் வைத்துக்கொண்டே போனேன்.

சாயங்காலம் காற்று கொஞ்சம் ஓய்ந்ததும் மேஸ்திரி குண்டை இறக்கிப் பார்த்தார். சுவர் ஒரு விரல் அளவு வெளியே சாய்ந்திருந்தது.

அவர் திட்டவே இல்லை. "பரவால்ல விடு. பூச்சுல மறைச்சிரலாம். பொம்பளப் புள்ளைக்கு இதுவே பெருசு" என்றார்.

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். இது சுருக்கென்று தைத்தது. செவ்வாய்க்கிழமைதான் என்னோடு வந்த பையன் ஒருத்தன் கட்டிய சுவர் இதே மாதிரி சாய்ந்திருந்தது. "இது செவுரா, குடிச்சிட்டு நிக்கிற ஆளா? ஒடைலே!" என்று நின்று இடிக்க வைத்தவர் இவர்.

"அவன் சுவர ஒடைக்கச் சொன்னீகள்ல? என் சுவரயும் ஒடைக்கச் சொல்லுங்க" என்றேன்.

"ஏ புள்ள, நாளைக்குள்ள இது எந்திரிக்கலைன்னா சென்ட்ரிங் ஆளு திரும்பிப் போயிருவான். அப்புறம் ஆடி முழுக்க வீடு இப்பிடியே நிக்கும். வீட்டுக்காரவுகளுக்கு யாரு பதில் சொல்றது?"

"நானே கட்டிருவேன்."

"கட்டலைன்னா நீயும் ஒங்கம்மாவும் வேற எடம் பாத்துக்கங்க. சொல்லிப்புட்டேன்."

அம்மா கீழே இருந்து, "அடியே, வாய மூடுடி!" என்று கத்தினாள். நான் சுத்தியலை எடுத்து மேல் வரிசையில் ஒரு போடு போட்டேன். கலவை இன்னும் இறுகவில்லை. அன்றைக்கு வைத்தது மொத்தத்தையும் இருட்டுவதற்குள் பிரித்துக் கல்லை அடுக்கிவிட்டேன். பஸ்ஸில் அம்மா எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டு, தனியாக முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். என் வீம்பால் அவள் பிழைப்பும் போய்விட்டால்?

விடியுமுன் தோளில் ஒரு தட்டு விழுந்தது. அம்மா தூக்குச்சட்டியோடு நின்றாள். "எந்திரி. மொத பஸ்ஸுக்குப் போவோம். ஒடைக்கத் தெரிஞ்சவளுக்கு ஒறக்கம் என்ன?"

பஸ்ஸில் போகும்போதுதான் சார் எப்போதோ வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது. காற்றடித்தால் தூக்குக்குண்டை ஒரு வாளித் தண்ணீருக்குள் முக்கித் தொங்கவிட வேண்டும், ஆடாது. அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம். கட்டடத்துக்குப் போனதும் அம்மாவிடம் வாளி கேட்டேன். குண்டு தண்ணீருக்குள் இறங்கி அப்படியே நின்றது. "அட!" என்றாள் அம்மா. அவளே கல்லை நனைத்தாள், கலவை போட்டாள், என் கை காலியாவதற்கு முன் சட்டி வந்து நின்றது. பையன்கள் வந்ததும், "ஏலே, பாவம், நாமளும் ரெண்டு கல்லு வைப்போம்" என்று ஏறப் பார்த்தார்கள். "எவனாவது கரண்டியத் தொட்டீங்க, கீழ தள்ளிருவேன்" என்றேன். கல் மட்டும் எடுத்துக் கொடுத்தார்கள்.

மத்தியானத்துக்கு மேல் சார் வந்தார். கடைசி ஒரு வரிசைதான் பாக்கி. அவரும் மேஸ்திரியும் மாறி மாறிக் குண்டை இறக்கிப் பார்த்தார்கள். நூல் சுவரை ஒட்டி நேராக நின்றது. சார் என் பரீட்சைக்குச் சரி என்று சொல்லிவிட்டுப் போனார். மேஸ்திரி அம்மாவிடம், "ஒம் மகளுக்கு வாயி நீளம். சுவரு நேராத்தான் இருக்கு" என்றார். நான் திரும்பி நின்று கல்லை வைத்தேன்.

கடைசி வரிசையும் முடியப் போகிற நேரம். சட்டியை இறக்கி வைத்த அம்மா கீழே போகாமல் நின்றாள். சுற்றிலும் ஒருதரம் பார்த்துவிட்டு, "அந்தக் கரண்டிய இங்கிட்டுக் குடு. நான் ஒண்ணு வைக்கேன்" என்றாள்.

கொடுத்தேன். இத்தனை வருடம் கலவை சுமந்தவள், முதல் தடவையாகக் கலவையைப் பரப்பினாள். கல்லை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை அதன் மேல் வைத்தேன். குமிழி ஒரு பக்கமாக ஓடியது. பரவாயில்லைம்மா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, "எடுத்துட்டு மறுபடி வைம்மா" என்றேன்.

முறைத்தாள். "பெரிய கொத்தனாரு!" என்று முணுமுணுத்தாள். பிறகு கல்லை எடுத்து, கலவையைச் சரி செய்து, திரும்ப வைத்து, கரண்டிப் பிடியால் மெதுவாக இரண்டு தட்டு தட்டினாள். குமிழி நடுவில் வந்து நின்றது. அம்மா சிரித்த சிரிப்பை அதற்கு முன்பு நான் எந்தக் கட்டடத்திலும் பார்த்ததில்லை.

இன்றைக்கு நானும் நாலு இடத்தில் கொத்தனார் வேலை பார்க்கிறேன். சரியில்லாததைத் திரும்பச் செய்யச் சொல்வதுதான் ஒருவருக்கு நாம் கொடுக்கிற பெரிய மரியாதை என்பதை அந்தச் சாரத்தின் மேல் அம்மாவுக்குக் கல்லை எடுக்கச் சொன்ன நிமிடத்தில்தான் நான் தெரிந்துகொண்டேன்.