கொண்டைக்குருவி டீயின் போலிகளோடு ஒரு சண்டை

டீத்தூள் விற்பதுகூடச் சுலபம். அந்த டீத்தூள் எங்களுடையதுதான் என்று நிரூபிப்பதற்குள் உயிர் போய்விடும்.

குன்னூரில் ஒரு சின்ன டீ ஃபேக்டரிக்குக் கணக்கு எழுதப் போனவள் நான். பச்சைத் தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போய், ஏலத்தில் எங்கள் தூளை யாரும் சீந்தாத காலம் அது. கடைசி முயற்சியாக முதலாளி சொந்தமாகப் பாக்கெட் போட்டு, 'கொண்டைக்குருவி டீ' என்று பெயர் வைத்து, ஆன்லைனில் விற்க ஆரம்பித்தார். நன்றாகத்தான் போனது. அதுதான் தப்பாகிவிட்டது. விற்கிற பொருளைத் தேடி வருகிற போலிகள் எங்களையும் தேடி வந்தன. "கம்ப்யூட்டர் தெரிஞ்ச பொண்ணு" என்று, அவற்றை நெட்டிலிருந்து நீக்க வைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எந்தக் கம்பெனிக்காவது புகார் அனுப்பிவிட்டு, 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்ற பதிலைப் பார்த்துப் பல்லைக் கடித்தவரா நீங்கள்? வாருங்கள், நம் ஜாதிதான்.

எந்தப் பக்கம் பார்க்கிற குருவி?

திருச்சியிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். எங்கள் தூளைப் பச்சைத் தண்ணீரில் போட்டாலே குங்குமம் கரைத்தது மாதிரி சிவந்துவிடுகிறதாம். பாக்கெட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அதே நிறம், அதே எழுத்து. எங்கள் குருவி இடது பக்கம் பார்க்கும். அது வலது பக்கம் பார்த்தது. பாக்கெட்டின் பின்னால் எங்கள் ஆபீஸ் போன் நம்பரை மட்டும் தப்பில்லாமல் அச்சடித்திருந்தான். சாயம் கலந்து விற்பவன் எவனோ, திட்டு வாங்குவது நான்.

"அம்மா, அது போலி. எங்க குருவி அந்தப் பக்கம் பாக்காதுங்க" என்று பொறுமையாக விளக்கினேன். போனில் வெடித்தார்: "எங்க வீட்டுக்காரர் வயித்து வலியில சுருண்டு கிடக்கறாரு, நீ குருவி எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாடம் எடுக்கறியா?"

அசலைத் தூக்கினார்கள்

எங்கள் பாக்கெட்டோடு போலியையும் விற்றுக்கொண்டிருந்த ஷாப்பிங் தளத்துக்குப் புகார் அனுப்பினேன். டிரேட் மார்க் சான்றிதழ் கேட்டார்கள், கொடுத்தேன். ஃபேக்டரி லைசென்ஸ் கேட்டார்கள், கொடுத்தேன். பாக்கெட்டை நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள், அதையும் செய்தேன். ஒருநாள் காலையில் பார்த்தால் ஒரு பாக்கெட் நிஜமாகவே தளத்திலிருந்து காணாமல் போயிருந்தது. எங்களுடைய பாக்கெட்! போலிக்காரன் எங்களுக்கு முன்பே எங்கள் மீது புகார் கொடுத்திருக்கிறான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. போனில் ஒவ்வொரு பட்டனாக அமுக்கி, கடைசியில் ஒரு மனிதக் குரலைப் பிடித்தேன். நான் கத்தியதையெல்லாம் அந்தப் பையன் அமைதியாகக் கேட்டான். பிறகு சொன்னான்: "மேடம், அவங்களும் இதே மாதிரிதான் மேடம் கோவமாப் பேசினாங்க."

பிக்கட்டியிலிருந்து வந்த இலை

எங்கள் பாக்கெட் தளத்தில் இல்லாத நாட்களில் விற்பனை அடியோடு படுத்தது. குடோனில் தூள் மூட்டை தேங்கியது. இலை வாங்குவதைப் பாதியாகக் குறைத்தார் முதலாளி. பிக்கட்டிப் பக்கத்திலிருந்து தன் தோட்டத்து இலையை எங்களுக்கு வழக்கமாகப் போடும் போஜன் அண்ணன் பிக்கப் வண்டி நிறையக் கொண்டுவந்த அன்றைக்கு, "இன்னைக்கு எடுக்கறதில்லை" என்று திருப்பிவிட்டார்கள். காலையில் பறித்த இலை. மறுநாள் வரை தாங்காது.

அவர் சத்தம் போடவில்லை. நேராக என் மேஜைக்கு வந்து செல்போனை நீட்டினார். அதில் வரிசையாகக் கொண்டைக்குருவிகள், எல்லாம் வலது பக்கம் பார்ப்பவை. "அண்ணா, அதெல்லாம் போலி" என்றேன். நான் சொல்வது பொய் என்று அவர் முகமே சொன்னது. "இலைய வாங்க மாட்டீங்க, டீ மட்டும் இந்தியா பூரா விக்கறீங்க. எங்களை எத்தனை நாளைக்கும்மா ஏமாத்துவீங்க?"

காப்பி குடித்தவர்

அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. போலிப் பாக்கெட் ஒன்றை நானே ஆர்டர் செய்தேன். பார்சலின் மேல் அனுப்புநர் முகவரி மேட்டுப்பாளையம்! எங்கள் மலையடிவாரத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளையும் எங்கள் மேனேஜரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவனுடைய குடோனில் ஒரு மூலையில் கடைகளில் வடிகட்டி எறிந்த டீச்சக்கை காய்ந்துகொண்டிருந்தது. இன்னொரு மூலையில் சாயப்பொடி. நடுவில் அச்சடித்த பாக்கெட் உறைகளில் சுருள் சுருளாக எங்கள் குருவி.

சாம்பிள் எடுத்துச் சீல் வைத்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட அந்த வியாபாரி காப்பி வரவழைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். டீ குடிப்பதில்லையாம். "மனுஷன் குடிக்கறதுல சாயத்தைக் கலக்கறீங்களே" என்று கேட்டே விட்டேன். எனக்கு ஆறுதல் சொல்லுகிற மாதிரி சிரித்தார்: "ஏனுங் அம்மிணி, கோவம் எதுக்குங்க? நான் ஊர் ஊரா வித்ததாலதானுங்க உங்க குருவிய நாலு பேருக்குத் தெரியுது!"

என் நாற்காலிக்கு வந்த பெண்

போலிப் பாக்கெட் ஓய்ந்ததும் எங்கள் பெயரில் போலி வெப்சைட் முளைத்தது. கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து மாரியாயி அக்கா என்பவர் மகளோடு ஃபேக்டரி கேட்டுக்கு வந்தார். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்தவர். மகள் பி.காம். முடித்தவள், புது சுடிதாரில் இருந்தாள். "பிள்ளைக்கு இங்க வேலை கிடைச்சிருக்கு" என்று போனைக் காட்டினார். எங்கள் ஃபேக்டரி படம், எங்கள் குருவி, கணக்குப் பிரிவில் உத்தியோகம். என் நாற்காலியைத்தான் எவனோ விற்றிருக்கிறான். எஸ்டேட்டில் வேலை நாட்களைக் குறைத்துவிட்ட நேரத்தில், அக்கா தோட்டைக் கழற்றி அடகு வைத்து 'பதிவுக் கட்டணம்' கட்டியிருந்தார். ஏமாந்தது புரிந்ததும் அந்தப் பெண் நிமிரவே இல்லை. அவளுக்கு வேலை கொடுங்கள் என்று முதலாளியிடம் கெஞ்சினேன். இருக்கிறவர்களுக்கே சம்பளம் கொடுக்க முடியாமல் தவித்தவர் அவர்.

இருவரையும் ஊட்டிக்குக் கூட்டிப்போய் சைபர் போலீஸில் புகார் எழுதிக் கொடுத்தோம். அந்த ரசீதை வைத்துக்கொண்டு வெப்சைட்டுக்கு இடம் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனியைத் துரத்தினேன். மெயிலுக்கு மேல் மெயில். தெரிந்த இங்கிலீஷிலெல்லாம் திட்டினேன். ஒரு வழியாக அதை எடுத்தார்கள். உடனே அக்காவுக்குப் போன் போட்டு, "சைட்டைத் தூக்கியாச்சுங்க்கா!" என்றேன். அக்கா கேட்டார்: "சைட்டைத் தூக்கினது சரி பிள்ளை, ஆளைத் தூக்கினாங்களா?"

இப்போதும் ஆபீஸுக்கு வந்ததும் முதல் வேலையாக எங்கள் பெயரைத்தான் நெட்டில் தேடுகிறேன். எங்கள் கம்பெனியை இன்றைக்கு எத்தனை பேர் நடத்துகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.