மூக்கர் பாஸ் செய்த ரோஜா

வீட்டுக்குப் பூமணம் தரும் மெழுகுவத்தி செய்கிற தொழிற்சாலையில் அவருக்குத் தரப் பரிசோதகர் வேலை. எல்லாரும் வைத்த பெயர் மூக்கர். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். ஊற்றி ஆறிய முதல் வத்தியை அவர் முகர்ந்து தலையசைத்தால்தான் மற்றவை பெட்டிக்குள் போகும். அசைப்பதற்கு முன் கண்ணை மூடி, அசரீரி கேட்பவர் போல நிற்பார்.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல். உடம்பு தேறியது, மூக்கு தேறவில்லை. ரோஜாவும் ஒன்றுதான், ரப்பரும் ஒன்றுதான். வைத்தியரிடம் போனால் விஷயம் வெளியே கசியும் என்று போகவில்லை. கண்ணை மூடும் நேரத்தை மட்டும் கூட்டினார். மல்லிகை கொஞ்சம் முந்துகிறது, தாழம்பூ இன்னும் தூங்குகிறது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைப்பார்.

கலவை அறையில் வாசனை எண்ணெய் சேர்க்கும் அக்காவுக்குச் சந்தேகம் தட்டியது. ஒருநாள் ஒரு துளி எண்ணெயும் விடாமல் வெறும் மெழுகை ஊற்றி எடுத்துவந்து நீட்டினாள்.

"ரோஜா இப்பதான் ரோஜாவா இருக்கு. இதையே போடுங்க" என்றார் மூக்கர்.

அவள் சிரிக்கவில்லை. அதிகாரி வாக்குக்கு மறுவாக்கு ஏது? அன்று முழுக்க வெறும் மெழுகையே ஊற்றினாள்.

ஒரு மாதம் கழித்து முதலாளி கூப்பிட்டனுப்பினார். குட்டு உடைந்தது, வேலை போனது என்று நினைத்தபடி உள்ளே போனார் மூக்கர். மேசையில் வாடிக்கையாளர் கடிதங்கள். வீடே நந்தவனமாகிவிட்டது என்று ஒரு அம்மாள் எழுதியிருந்தாள். தலைவலி தராத ஒரே ரோஜா இதுதான் என்று இன்னொருவர். முதலாளி அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, அந்த இடத்திலேயே தலைமைப் பரிசோதகர் ஆக்கினார்.

வாசலில் அக்கா நின்றிருந்தாள்.

"அதுல நான் ஒண்ணுமே போடலை சார்" என்றாள் மெதுவாக.

மூக்கருக்கு முகம் செத்துப்போனது. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. எப்போதோ தெரியும் என்றாள். பால் அடிப்பிடித்து வீடெல்லாம் நாறியபோது பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்தவர் அவர்தானாம்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"கல்யாணமான நாள்லேருந்து இந்த எட்டு மாசம்தான் என் சமையலை நீங்க குறை சொல்லலை. நானே போய்க் கெடுத்துக்குவேனா?"

ராஜினாமா எழுதக் காகிதம் எடுத்து உட்கார்ந்தார். தலைமைப் பரிசோதகர் என்று எழுதி, மேலே கையெழுத்துப் போட்டால் எப்படியிருக்கும் என்று ஒருமுறை போட்டுப் பார்த்தார். பிறகு கொஞ்சம் சாய்த்து, பிறகு கொஞ்சம் பெரிதாக. காகிதம் நிறைந்துவிட்டது.