இலத்திரன் என்றொரு பொடியன்

புலம்பெயர்ந்து வந்த செவன் ஹில்ஸ் வீட்டில் ட்ரையரிலிருந்து எடுத்த கம்பளிச் சட்டை சடசடத்துக் கையில் ஒட்டியது. "எலெக்ட்ரோன்ஸ், அம்மா" என்றாள் மகள். எங்கள் பாடப்புத்தகத்தில் அதற்கு இலத்திரன் என்று பெயர். அந்தப் பெயரால்தான் எட்டு வயதில் நான் உளவாளியானேன்.

யாழ்ப்பாணத்தில், வெங்காயம் பொரியும் மணம் நிறைந்த குசினிக்குப் பக்கத்து அறையில் அக்கா கண்மூடிப் பாடமாக்குவாள்: "நேரேற்றமுள்ள கரு, மறையேற்றமுள்ள இலத்திரனைக் கவரும். தூரம் கூடினால் கவர்ச்சி குறையும்."

ஒரு பொடியனின் பெயர், கவர்ச்சி, கரு! ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா அகப்பையோடு வந்தார். "ஆரடி அந்த இலத்திரன்? எந்த ஊர்ப் பொடியன்? நாளையிலயிருந்து ரியூசன் இல்லை!"

அக்கா அழுதபடி புத்தகத்தை நீட்டினாள். "அணுவுக்குள்ள இருக்கிறதம்மா. கரு இழுக்கிறபடியால் விட்டிட்டுப் போகாமல் சுத்துது."

"ஓம், எல்லாரும் அப்பிடித்தான் சுத்துறவங்கள்."

ஆனாலும் ரியூசன் வகுப்புக்குப் போக விட்டார், என்னையும் காவலுக்கு அனுப்பி. எனக்குப் புத்தகத்தின்மேலும் சந்தேகம். வகுப்பு வாசலில் நின்று ஒவ்வொரு பொடியனிடமும் பெயர் கேட்டேன். ஒருவனும் இலத்திரன் இல்லை. எனக்குத் தினமும் தின்ன ரொபி தந்து, அக்காவுக்குப் பாடக் கொப்பி இரவல் கொடுத்தவரின் பெயர் சுதன். அதனால் அவரை விட்டுவிட்டேன்.

இப்போது அவரும் இதே நாட்டில், நோபல் பார்க்கில் அக்காவோடு இருக்கிறார். அத்தான் என்று கூப்பிடுகிறேன்.