கறுப்புக் கல்லில் ஒரு சிவப்புத் தட்டான்

கல்லறைத் திருநாள் எந்த வருஷமும் நவம்பர் இரண்டுதான். கிழமை மட்டும் மாறும். நான் சொல்ல வருவது 2008-ஆம் ஆண்டு. அந்த முறை அது ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. பழைய காலண்டரைப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் எழுதுகிறேன். அப்போது நான் மூன்றாம் வகுப்பு.

சித்தப்பா மஞ்சள்காமாலையில் இறந்து முதல் வருஷப் பூசையும் முடிந்திருந்தது. பிள்ளை இல்லாத சித்தி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். அந்த ஐப்பசியில் வீட்டில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. சேதராப்பட்டில் கம்பெனி வேலையில் இருந்த ஒருவர், மனைவியை இழந்தவர், சித்தியைப் பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சம்மதம். அத்தைக்கு இல்லை, செத்துப்போனது அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. சித்தி, கல்லறைத் திருநாள் போகட்டும், அதன்பிறகு சொல்கிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தாள். இதெல்லாம் நான் பிற்பாடு கோத்துக்கொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் அறைக்குள் நுழைந்தால் பெரியவர்களின் பேச்சு சட்டென்று மழையைப் பற்றியதாக மாறிவிடும் என்பதுதான்.

அன்று காலை மழை விட்டு வெயில் அடித்தது. கல்லறைத் தோட்டம் முழுக்கச் சாமந்தியும் மெழுகுவர்த்தியும். மற்றவர்களுடைய கல்லறைகளுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். எங்களுடையது மட்டும் கறுப்பு கிரானைட். "குனிஞ்சா மூஞ்சி தெரியணும்" என்று அத்தை நின்று பாலிஷ் போட வைத்த கல். சித்தி வாளித் தண்ணீரில் அதைக் கழுவித் துடைத்தாள். வானம் அப்படியே அதில் இறங்கிவிட்டது.

அம்மா மெழுகுவர்த்தி ஏற்றும்போதுதான் அது வந்தது. உடம்பெல்லாம் ஊதா கலந்த சிவப்பில் ஒரு தட்டான். சிலுவையின் ஒரு கை நுனியில் உட்கார்ந்தது. அப்பா கையை வீசினார். பறந்து ஒரு சுற்றுச் சுற்றி அதே நுனிக்கு வந்தது. மறுபடி வீசினார். மறுபடி வந்தது.

"அடிக்காதடா!" என்று அத்தை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கலரைப் பாரு. அவன் கிறிஸ்மஸுக்கு எடுத்த சட்டை கலரு. எந்தம்பிதான்டா வந்துட்டான்!"

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். பக்கத்துக் கல்லறையில் பூ வைத்துக்கொண்டிருந்த கிழவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், சிப்பாய்க்குப் பிரெஞ்சில் சொல்தா என்பதால் எங்களுக்கெல்லாம் சொல்தா தாத்தா, அவரும் தொப்பியைக் கழற்றினார்.

அத்தை சித்தியின் பக்கம் திரும்பினாள். "தொரத்துனாலும் போவ மாட்டேங்கறான் பாரு. அவனுக்கு மனசு இல்லம்மா. இதுக்கு மேல நான் என்னா சொல்றது?"

சித்தி துடைத்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் சொட்டுவது நின்ற பிறகும் பிழிந்துகொண்டிருந்தாள்.

எனக்கோ அந்தத் தட்டானைத் தெரியும். அப்பா ஞாயிறுதோறும் சங்கராபரணி ஆற்றுக்குத் தூண்டில் போடப் போவார். என்னையும் கூட்டிப்போவார், ஆனால் பேசக் கூடாது, மீன் ஓடிவிடும். வாயை மூடிக்கொண்டு பார்ப்பதற்கு அங்கே தட்டான்கள்தான் இருந்தன. இந்தச் சிவப்பு, ஆண். தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சி நுனியைப் பிடித்துக்கொண்டால் அது அதனுடைய இடம். வேறு ஆண் வந்தால் துரத்தியடித்துவிட்டு அதே நுனிக்குத் திரும்பும். நாள் முழுக்க அங்கே அது காத்திருப்பது பெண்ணுக்காக. பெண் அழகில்லை, மங்கின மஞ்சள். அது வந்ததும் ஆண் பாய்ந்து பிடித்துக்கொள்ளும். இரண்டும் வளைந்து வளையம் போலாகிவிடும். பிறகு பெண் தனியே தண்ணீரின் மேல் தாழப் பறந்து, வால் நுனியால் தொட்டுத் தொட்டு முட்டையிடும். ஆண் பக்கத்திலேயே காவல் இருக்கும்.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு செபமாலையை எடுத்த அந்த நேரத்தில், கல்லின் மேல் மங்கின மஞ்சளில் ஒன்று தாழப் பறந்து வந்தது. சிலுவையிலிருந்து சிவப்பு பாய்ந்தது. எங்கள் தலைக்கு மேலேயே இரண்டும் வளையமாகிச் சுற்றின.

நான் கத்தினேன்: "அத்தை! சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு!"

அம்மா என் தொடையில் கிள்ளினாள். அத்தை, "ச்சீ, வாயக் கழுவுடி" என்றாள். அப்பா வேறு எங்கோ பார்த்தார். சொல்தா தாத்தா தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

முதலில் இருமல் போலத்தான் கேட்டது. பிறகு சித்தி சிரிக்கிறாள் என்று தெரிந்தது. ஒரு வருஷமாக நான் கேட்காத சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணி, உங்க தம்பி நல்லாத்தான் இருக்காரு போல" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அத்தை சிறிது நேரம் விறைப்பாக நின்றாள். பிறகு அவளும் பக்கத்தில் உட்கார்ந்து சித்தியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "போடி, பைத்தியம்" என்றாள்.

என் கவலை வேறு. பெண் தட்டான் கறுப்புக் கல்லில் வாலைத் தட்டித் தட்டி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. பளபளக்கும் கறுப்புப் பரப்பிலிருந்து எழும் ஒளி அவற்றின் கண்ணுக்குத் தண்ணீராகவே தோன்றும் என்று பல வருஷம் கழித்துப் படித்தேன். அன்று எனக்குத் தெரிந்தது, வெயிலில் கல் சுடும், முட்டை காய்ந்துவிடும் என்பது மட்டும்.

"சித்தி, ஆத்துல வுட்டுடலாம் சித்தி!"

அப்பா, "அதெல்லாம் ஒண்ணும் பொழைக்காது, வா" என்றார். சித்தி மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை முட்டைகளின் மேல் மெல்ல ஊற்றி, விரலால் வழித்து, ஓரத்தில் நான் பிடித்திருந்த, மெழுகுவர்த்தி கொண்டுவந்த பிளாஸ்டிக் டப்பாவில் இறக்கினாள். அம்மாவும் அத்தையும் ஆட்டோவில் போனார்கள். அப்பாவின் ஸ்கூட்டரில் நாங்கள் மூவரும் ஆற்றுக்குப் போனோம்.

நாணல் ஓரத்தில் சித்தி டப்பாவைச் சாய்த்தாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கலங்கல் தண்ணீரோடு கலங்கல் தண்ணீர் சேர்ந்தது. முட்டையிலிருந்து வருவது பல வாரம் ஆற்றுச் சேற்றில் இறக்கையில்லாமல் புழு பூச்சியைப் பிடித்துத் தின்று வளரும். பிறகு ஒருநாள் தண்டைப் பற்றி மேலே ஏறி, முதுகு வெடித்து, தட்டானாக வெளியே வரும். அதுவும் இப்போது தெரிந்ததுதான்.

"குட்டி வருமா சித்தி?"

"வரும் கண்ணு."

"நாம வந்து பாக்கலாமா?"

சித்தி அப்பாவைப் பார்த்து, "மாமா, அவங்கள வரச் சொல்லிடுங்க" என்றாள்.

அப்பா காலி டப்பாவை வாங்கி ஆற்றில் அலசினார். "சரிம்மா" என்றார்.

"யாரு சித்தி வராங்க?"

"விருந்தாளி."

"கேக்கு வாங்குவீங்களா?"

"வாங்காமயா?"

திரும்பும்போது நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். கேக்கின் மேல் ரோஜா நிறத்தில் பூ வைக்கச் சொல்லலாமா, பச்சையிலா என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். சித்தி பின்னாலிருந்து என்னை வழக்கத்தைவிட இறுக்கமாகக் கட்டிக்கொண்டிருந்தாள். வண்டி குலுங்குகிறது, நான் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக என்று நினைத்துக்கொண்டேன்.